கிழிக்காத பத்திரம்

கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்து உக்காருங்க சார். என் பையில கொம்பு இருக்கு, தொடையில குத்திடும். மாட்டுக் கொம்பு இல்ல சார். பிசாசுக் கொம்பு. காகிதக் கூழுல செஞ்சு கறுப்புப் பெயிண்ட் அடிச்சது, ஆனா நுனி கூர்மையாத்தான் இருக்கும். மணி என்ன சார்? ரெண்டே முக்காலா? உங்க வாட்ச் சரியா ஓடுதா?

அஞ்சரைக்கு ஆரணி போயிடும்னு கண்டக்டர் சொன்னாரு. போயிடும்ல? இன்னிக்குச் சூரியன் சாயறது ஆறு பதினெட்டு. காலண்டர்ல பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுலருந்து மச்சான் வீடு ஆட்டோவுல பத்து நிமிஷம். எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். ஆனாலும் உளறிக்கிட்டே இருக்கேன் பாருங்க. நான் குடிக்கிறவன் இல்ல சார், வேணும்னா ஊதிக் காட்டறேன்.

நீங்களும் ஆரணிதானா? நல்லதாப் போச்சு. உங்க குரல் நல்ல கட்டைக் குரல். சில்லறை கேட்டீங்களே, அப்பவே கவனிச்சேன். உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். இப்பக் கேக்க மாட்டேன். கேட்டா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவீங்க. முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன்.

என்னை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? ஏழரை மணி சீரியல்ல தாய்மாமனா வர்றேனே, அந்த ஆதவன் நான்தான். நிஜப் பேரு ஏழுமலை. அதுக்கு முன்னால பத்தொம்பது வருஷம் சினிமாவுல இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தா கதவைத் திறந்து விடற ஏட்டு நான். ஹீரோ கல்யாணத்துல நாலாவது வரிசையில பூ போடறவன் நான். மூணு வருஷத்துக்கு முன்னாலதான் முதல்முதலா ஒரு முழு வேஷம் கிடைச்சது. படத்துக்குப் பேரு வைக்கல. புரொடக்‌ஷன் நம்பர் மூணுன்னுதான் கிளாப் போர்டுல எழுதியிருக்கும். கடைசி வரைக்கும் பேரு வைக்கவே இல்ல.

குடும்பத்தோட வந்து பாக்கற மாயாஜாலப் படம் சார். பேசுற ஆடு உண்டு. பறக்குற மாட்டுவண்டி உண்டு. நான் ஒரு பொம்மை வியாபாரி. என் பொம்மையை யாரும் சீண்ட மாட்டாங்க. அப்பக் கருங்கொம்பன்னு ஒரு பிசாசு வருது. உன் பொம்மைக்கெல்லாம் உயிர் குடுக்கறேன், ஊரே உன் வாசல்ல வந்து நிக்கும்; அதுக்குப் பதிலா உன் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு ஆகிற அன்னிக்கு, பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்லுது. நான் பத்திரத்துல கையெழுத்துப் போடறேன். இதுதான் கதை.

கேட்டா பயங்கரமா இருக்கும். ஆனா இந்த மாதிரிப் படத்துல பயப்பட ஒண்ணுமே இல்ல சார். சின்ன வயசுலருந்து பார்த்துட்டு வர்றேன். பிசாசு ஜெயிச்சதா ஒரு படம் காட்டுங்க பார்ப்போம். கிடையாது. கடைசி ரீல்ல அப்பன் முட்டி போட்டு, என்னை எடுத்துக்கோ, என் புள்ளையை விட்டுடுன்னு அழுவான். பத்திரம் தானா கிழியும். மழை பெய்யும். பாட்டு வரும். ஜனங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போவாங்க. அப்பன் எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருந்தாலும் அந்தக் கடைசி ரீல் காப்பாத்திடும்.

எங்க படத்துல கடைசி ரீல் இல்ல சார். எடுக்கவே இல்ல. அதுதான் பிரச்சினை.

இருங்க, முறையாச் சொல்றேன். பொண்ணு வேஷத்துக்கு யாரைப் போடறதுன்னு டைரக்டர் ரிஷி தேடிக்கிட்டிருந்தார். நான்தான் என் பொண்ணு தர்ஷிணியைக் கூட்டிட்டுப் போனேன். அப்ப அவளுக்கு ஒம்போது வயசு. வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்னு படத்துலயும் தர்ஷிணின்னே வச்சுட்டாங்க. பிசாசா நடிச்சவர் பூபதி ஐயா. எழுபது வயசு, தங்கமான மனுஷன். இந்தக் கொம்பு அவரோடதுதான். மேக்கப் போட்டுக்கிட்டே பாப்பாவுக்கு கிரீம் பிஸ்கட் பிரிச்சுக் குடுப்பார். அவ அவரைக் கொம்புத் தாத்தான்னு கூப்பிடுவா, மடியில உக்காந்து கொம்பைப் பிடிச்சு ஆட்டுவா. அதனாலேயே வம்பு வந்துச்சு.

என்ன வம்புன்னா, கையெழுத்துப் போடற சீன். நான் கையெழுத்துப் போட்டதும் பிசாசு அவ கையைப் பிடிக்கணும், அவ அலறணும். இவ எங்க அலறுவா? கொம்புத் தாத்தா கையைப் பிடிச்சா சிரிக்கிறா! ஏழு டேக் போச்சு. கிளிசரின் போட்டாங்க, கண்ணு சிவந்ததே தவிர மூஞ்சியில பயம் வரல. வெளிச்சம் போயிட்டிருக்கு. ரிஷி தொப்பியைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஆதவன், உங்க பொண்ணுதானே, ஏதாவது பண்ணுங்கன்னார். அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்த வேஷம் சார். நான் அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் காதுல ஒண்ணு சொன்னேன்.

என்ன சொன்னேனா? அது ஒண்ணும் இல்ல சார், தொழில்ல எல்லாரும் சொல்றதுதான். விடுங்க.

எட்டாவது டேக்ல அழுதா பாருங்க! அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்ல. என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு விடல. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட வேண்டியதாப் போச்சு, அதையும் கேமராமேன் எடுத்துட்டார். கட் சொன்னதும் யூனிட் மொத்தமும் கை தட்டுச்சு. ரிஷி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். அந்த ஒரு ஷாட்டைப் போன்ல வச்சுக் காட்டித்தான் எனக்கு இந்தச் சீரியல் கிடைச்சது. ரெண்டு வருஷமா தினம் டிவியில வர்றேன், டீக்கடையில காசு வாங்க மாட்டேங்கறாங்க. புரியுதா சார்? அந்தக் கருங்கொம்பன் தன் பங்கைக் குடுத்துட்டான். இனி என் பங்கை வாங்க வருவான்.

மணி என்ன சார்? மூணே காலா? காஞ்சிபுரமே இன்னும் வரல. இந்த டிரைவர் என்ன, மாப்பிள்ளை ஊர்வலமா போறாரு?

கேளுங்க. சினிமாவுல ஒரு வழக்கம் உண்டு. பாடையில படுத்துப் பொணமா நடிச்ச ஆர்ட்டிஸ்டை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. எழுப்பி உக்கார வச்சு, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லி, அதையும் எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. தோஷம் கழியறதுக்கு. அன்னிக்குப் பூபதி ஐயா சொன்னார், "ரிஷி தம்பி, புள்ளையை எழுதிக் குடுக்கற சீன் இது. பாப்பா கையால பத்திரத்தைக் கிழிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துடுங்க. அழுத முகத்தோட அனுப்பாதீங்க." ரிஷி வானத்தைப் பார்த்தார். "கிளைமாக்ஸ்ல கிழிக்கத்தானே போறோம் ஐயா, பேக்கப்!"

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. பிசாசுப் பத்திரத்தை ஆர்ட் டிபார்ட்மெண்ட் செஞ்சு வைக்கல. மறந்துட்டாங்க. அவசரத்துக்கு வெளியில போய் நிஜ ஸ்டாம்ப் பேப்பர் ஒரு கட்டு வாங்கிட்டு வந்து, டீ டிகாஷன்ல நனைச்சு ஓரத்தைக் கருக்கினாங்க. அதுல நான் பொம்மை வியாபாரி பேரைத்தானே எழுதணும்? ஏழு டேக்குலயும் அப்படித்தான் எழுதினேன். எட்டாவது டேக்ல, அவ அழுத அழுகையில எனக்கே புத்தி கலங்கிப் போய், பேங்க்குல போடற மாதிரி ஏ. ஏழுமலைன்னு போட்டுட்டேன். நம்ப மாட்டீங்கன்னு தெரியும், இந்தாங்க பாருங்க. ஆர்ட் டைரக்டரோட பெட்டியிலருந்து நான்தான் சுட்டுட்டு வந்தேன். என் பேரு, என் பொண்ணு பேரு, பன்னெண்டு வயசு, பொழுது சாயறதுக்குள்ள. எல்லாம் நிஜம் சார். பிசாசு ஒண்ணுதான் வேஷம். அதுவும் அப்ப வேஷம்.

அப்புறம் ரிஷிக்கு ஹைதராபாத்ல ஒரு வெப்சீரிஸ் கிடைச்சது, கிளம்பிட்டார். படம் நின்னுபோச்சு. அந்த வருஷம் கார்த்திகை மாசம் பூபதி ஐயா தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டார். கையெழுத்து வாங்கினவரே இல்லைன்னா, யாருகிட்டப் போய் ரத்து பண்றது?

சுத்தப் பைத்தியக்காரத்தனமா இருக்கா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னியிலருந்து தர்ஷிணி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார். மூணு வருஷம்! அம்மாகிட்டப் பேசறா, மாமன்கிட்டப் பேசறா, தெருவுல போற நாய்கிட்டப் பேசறா. நான் உள்ள வந்தா வாயை மூடிக்குவா, அம்மா பின்னால போய் நின்னுக்குவா. ஷூட்டிங் முடிஞ்ச வாரம் ஒருநாள் அவ ஸ்கூல் பையைத் தூக்கறேன், கனமா இருக்கு. திறந்தா புத்தகம் இல்ல. ரெண்டு செட் துணி, பல் தேய்க்கிற பிரஷ், ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். அவன் கூப்பிட ஆரம்பிச்சுட்டான், இவ கிளம்பத் தயாராயிட்டான்னு தெரிஞ்சு போச்சு.

தாயத்துக் கட்டினேன். மாரியம்மன் கோயில்ல வேப்பிலை அடிச்சேன். தர்காவுல மந்திரிச்சேன். ஒண்ணும் வேலைக்காகல. அவ படம் வரைவா சார், ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். கொம்பு வச்ச ஆளு ஒருத்தர் பிஸ்கட் நீட்டறார். பக்கத்துல வேட்டி கட்டின ஆளு ஒருத்தர், மூஞ்சி இல்ல. வரைய மறந்துட்டா போல. கொம்புதான் என்னை மிரட்டுச்சு. படத்தை அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன். அதைப் பார்த்துட்டுத்தான் கௌசல்யா, என் சம்சாரம், "இனிமே இவ உங்ககூட ஒரே வீட்டுல இருக்க வேணாம்"னு சொல்லி ஆரணிக்கு அவ அண்ணன் தணிகாசலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மச்சான் அங்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். நான் போனா வாசல்லயே நிறுத்திடுவார்.

காஞ்சிபுரம் வந்துடுச்சா? அப்பாடா. தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க சார்.

இன்னிக்குத்தான் அந்த நாள். தர்ஷிணிக்கு இன்னிக்குப் பன்னெண்டு. காலையில எட்டு மணிக்குக் கௌசல்யா போன் பண்ணா. ரெண்டு வருஷத்துல அவளாப் போன் பண்ணது இதுதான் முதல் தடவை. "புதுப் பாவாடையைக் கட்டிக்கிட்டு, பையை மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. கேக்கு வேணாங்கறா, சோறு வேணாங்கறா. உள்ள வாடீன்னா, இன்னிக்கு வருவாங்க, சாயங்காலத்துக்குள்ள வருவாங்கங்கறா. யாரு வருவா? புள்ளையை என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?" அப்படின்னு அழறா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த நிமிஷமே பஸ் ஏறியிருந்தா பதினோரு மணி, பன்னெண்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனா வெறுங்கையோட போய் என்ன பிரயோஜனம்? கிளைமாக்ஸ் எடுக்கணும்ல? வளசரவாக்கத்துல பூபதி ஐயா வீட்டுக்கு ஓடினேன். அவர் மருமக மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. ரெண்டு மணி நேரம் படியில உக்காந்திருந்தேன். அப்புறம் பரண்ல ஏறித் தேடி இந்தக் கொம்பை எடுத்துக் குடுத்தா. லேட்டானதுக்கு அதுதான் காரணம்.

இப்ப உதவியைக் கேக்கறேன். எழுந்திரிச்சுடாதீங்க சார். ஆரணியில இறங்கி என்கூட ஒரு பத்து நிமிஷம் வாங்க. இந்தக் கொம்பைத் தலையில மாட்டிக்கணும். நான் முட்டி போட்டு வசனம் பேசுவேன், மனப்பாடமா இருக்கு. "மண்ணாளும் வரம் வேண்டேன், என்னை எடுத்துக்கொள், என் கண்மணியை விட்டுவிடு!" நீங்க அந்தக் கட்டைக் குரல்ல, "போ, பிழைத்துப் போ"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். மச்சான் போன்ல எடுத்துடுவார். பாப்பா பத்திரத்தைக் கிழிச்சுட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிச்சான்னா எல்லாம் தீர்ந்துடும்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

என்ன சத்தம் அது? டயரா? ஐயோ. ஏன் நிறுத்தறாரு? ஸ்டெப்னி இருக்கான்னு கேளுங்க சார். செய்யாறு தாண்டி எவ்வளவு தூரம் வந்திருப்போம்? மணி என்ன? அஞ்சா? பின்னால வர்ற வண்டி எதுலயாவது ஏறிடலாமா? ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குதே. டிரைவரே, கொஞ்சம் சீக்கிரம் டயரை மாட்டுங்க! என் பொண்ணைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க, நீங்க அங்க நின்னு பீடி குடிக்கிறீங்க!

சரி, சரி, உக்கார்றேன். கத்தல. பொழுதைப் பாருங்க சார், அந்தப் பனைமரத்துக்கு மேல ரெண்டு ஆள் உயரம்தான் இருக்கு. பயமா இருக்கு சார். வேற என்னத்தச் சொல்ல, பயமா இருக்கு.

என்ன கேட்டீங்க? காதுல என்ன சொன்னேன்னா? இப்ப எதுக்கு சார் அது? டயரு பஞ்சர் ஆகிக் கிடக்கு, பொழுது இறங்குது, நீங்க மறுபடியும் அதையே கேக்கறீங்க.

சொல்றேன். சொன்னா நீங்க கொம்பு மாட்டிக்குவீங்களா?

"பாப்பா, இது நடிப்பு இல்ல, சத்தியம். அப்பா உன்னை நெசமாவே அவருக்குக் குடுத்துட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பன்னெண்டு வயசு ஆனதும் வந்து கூட்டிட்டுப் போவாரு." அவ்வளவுதான். ஒரு ஷாட்டுக்காகச் சொன்னது. ஷாட் முடிஞ்சதும் இல்லேன்னு சொல்லியிருப்பேன். எல்லாரும் வந்து கை குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. அப்புறம் அவ கார்லயே தூங்கிட்டா. அப்புறம்... மறந்துட்டேன் சார். சும்மா சொன்னது தானேன்னு... இல்ல. சொல்லல. நான் சொல்லவே இல்ல.

அவ பையில துணி எடுத்து வச்சது...

ஐயோ சார். மூணு வருஷமா எம்புள்ள நாளை எண்ணிக்கிட்டு இருந்திருக்கா சார்.

போன். போன் எங்க? நீங்களே கௌசல்யா பேரைத் தேடி அழுத்துங்க சார், சீக்கிரம்.

கௌசு, நான்தான். திட்டு, அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. பாப்பா இன்னும் வாசல்லயா? காதுல வை. பேச மாட்டா, தெரியும். வை. நான் பேசறேன்.

பாப்பா. அப்பா பேசறேன். மண்ணாளும் வரம் வேண்டேன், என்னை எடுத்து... சே. இல்லம்மா, அது வேணாம். அப்பா பொய் சொன்னேன்மா. அன்னிக்கு உன் காதுல சொன்னேனே, அது பொய். உன்னை யாருக்கும் குடுக்கல. யாரும் வர மாட்டாங்க. அந்தத் தாத்தா நல்லவரு, உன்னைக் கேக்கவே இல்ல. நீ அழணும்னு அப்பா சொன்ன பொய். தப்பு அப்பாது. பையைக் கீழ வைம்மா. உள்ள போய்ச் சோறு தின்னும்மா.

பாப்பா? இருக்கியா?

...

சார், பேசறா. எம்பொண்ணு என்கிட்டப் பேசறா. என்ன கேக்கறான்னு கேட்டீங்களா? "இது டேக்காப்பா?"ங்கறா.

இல்லம்மா! டேக் இல்ல. கேமரா எதுவும் இல்ல. அப்பா பஸ்ல இருக்கேன், நடு ரோட்டுல டயரு பஞ்சராகிக் கிடக்கு. சத்தியமாம்மா. சத்தியமா... அன்னிக்கும் சத்தியம்னு சொல்லித்தான்... இரு, இரு, வச்சுடாத. பக்கத்துல ஒரு சார் இருக்காரு. அவர்கிட்டக் குடுக்கறேன்.

சார், இந்தாங்க, பிடிங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நம்பற மாதிரி நான் வச்சுக்கல. நீங்க சொல்லுங்க. கொம்பெல்லாம் வேணாம், வசனமும் வேணாம். இங்க கேமரா இல்லைன்னு சொல்லுங்க. உங்க அப்பன் அழறான்னு சொல்லுங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், கட்டைக் குரலுக்குப் பயந்துடப் போறா.